வட்டம் வேண்டாம், முதலில் மூன்று லைன் போடுங்கள்

கேள்வி இதுதான். பையனுக்கு வாங்கிய ஒரு எச்ஓ (HO) அளவு மாடல் ரயில் செட் வீட்டில் இருக்கிறது: ஒரு எஞ்சின், மூன்று பெட்டி, வட்டமாகப் போடத் தண்டவாளம். பையனுக்கு ஒரு வாரத்தில் அலுத்துவிட்டது, அப்பாவுக்கு அலுக்கவில்லை. பத்துக்குப் பத்து அறை ஒன்று காலியாகிறது. அதில் எட்டுக்கு நாலு பிளைவுட் போட்டு, மலை, சுரங்கம், மேம்பாலம் எல்லாம் வைத்து ஒரு பெரிய லேஅவுட் கட்டலாமா? எச்ஓவிலேயே தொடரலாமா, அதைவிடச் சின்ன 'என்' (N) ஸ்கேலுக்கு மாறலாமா? ஓட்டுவதற்குச் சாதாரண டிசி மின்சாரமா, எஞ்சினுக்கு எஞ்சின் தனிக் கட்டளை அனுப்பும் டிசிசியா?

எட்டுக்கு நாலு பலகையை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். நாலரை அடி நீளம், ஒரு அடி அகலத்தில் ஒரு பலகை, இரண்டு பாயிண்ட் (ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடம்), மூன்று லைன், எட்டு வேகன். இதைக் கட்டி ஆறு மாதம் ஓட்டுங்கள். அதற்கப்புறம் பெரியது கட்டினால் அது வேறு மாதிரி இருக்கும். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே.

ஆசை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஹாம்பர்க் நகரத்து மினியேச்சர் வுண்டர்லேண்ட் வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். 2001-இல் இரட்டைச் சகோதரர்கள் ஆரம்பித்தது, எல்லாம் எச்ஓ. ரயில் மட்டுமல்ல, கார்களும் சாலையில் தானாக ஓடும். நம் நாட்டிலேயே புனே கோத்ரூடில் ஜோஷி என்பவர் தனி ஆளாகத் தொடங்கி உருவாக்கிய சிறு ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பார்க்காமல் வராதீர்கள். ஆனால் இவையெல்லாம் நின்று வேடிக்கை பார்ப்பதற்காகக் கட்டியவை. வீட்டில் நீங்கள் பார்வையாளர் இல்லை, வேலையாள். கணக்கு அங்கேதான் மாறுகிறது.

நானும் எட்டுக்கு நாலில்தான் ஆரம்பித்தேன். அப்போது பெரம்பூரில் குடியிருந்தோம், தெருவில் பாதிப் பேர் ரயில்வே. மூன்று மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து இரட்டை வட்டம், ஒரு மலை, இரண்டு சுரங்கம் என்று முடித்தேன். எதிர்வீட்டுப் பெரியவர் யார்டில் ஷண்டிங் மாஸ்டராக, அதாவது வண்டிகளை முன்னும் பின்னும் நகர்த்திப் பிரித்துச் சேர்க்கும் வேலையில், இருந்து ஓய்வு பெற்றவர். அவரைக் கூப்பிட்டுப் பெருமையாக ஓட்டிக் காட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நாலு சுற்று பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா வண்டி எங்க போவுது? எதுக்குப் போவுது? யாருக்கும் இங்க வேலையே இல்லையே" என்றார். காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அவர் சொன்னது சரி.

கணக்காகவும் பார்த்துவிடலாம். எச்ஓ என்றால் 1:87. செட்டில் வரும் சின்ன வளைவின் ஆரம் ஏறக்குறைய 36 செ.மீ. அந்த வட்டத்தின் சுற்றளவு இரண்டேகால் மீட்டர். நிஜத்தில் 110 கி.மீ. வேகத்தில் போகும் எக்ஸ்பிரஸை இந்த அளவுக்குச் சுருக்கினால் நொடிக்கு 35 செ.மீ. வருகிறது. அதாவது ஆறரை நொடிக்கு ஒரு சுற்று. ஒரு நிமிடத்தில் ஒன்பது தடவை அதே மலையைத் தாண்டும். உங்கள் பையனுக்கு அலுத்ததில் ஆச்சரியமே இல்லை.

வளைவையும் பாருங்கள். இந்திய அகலப்பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் இரண்டு மீட்டர். அப்படி ஒரு அரைவட்டம் போடக்கூட நாலு மீட்டர் அகலம் வேண்டும், உங்கள் அறை மூன்று மீட்டர்தான். 24 பெட்டி எக்ஸ்பிரஸை அப்படியே எச்ஓவில் செய்தால் ரேக் (எஞ்சின் இல்லாத பெட்டி வரிசை) மட்டும் ஆறரை மீட்டர். மேட்டுப்பாளையம்–ஊட்டி 46 கி.மீ. பாதையை அளவு மாறாமல் செய்ய அரைக் கிலோமீட்டர் இடம் தேவை. மேம்பாலத்தின் கதியும் இதுதான். ஒரு பாதை இன்னொன்றின் மேல் போகக் குறைந்தது 9 செ.மீ. ஏற வேண்டும். எஞ்சின் திணறாமல் இழுக்க நாற்பதுக்கு ஒன்று என்று சரிவு வைத்தால் ஏறவே 3.6 மீட்டர், இறங்க இன்னொரு 3.6. எட்டுக்கு நாலு பலகையின் ஓரத்தையொட்டி ஒரு முழுச் சுற்றே ஆறு மீட்டர்தான் வரும். அதனால்தான் அந்தப் பலகைகளில் மேம்பாலங்கள் எல்லாம் மாடிப்படி மாதிரி இருக்கின்றன. நீலகிரியில் பன்னிரண்டுக்கு ஒன்று ஏறுகிறதே என்றால், கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவில் பற்சட்டம் இருக்கிறது, எஞ்சின் பல்சக்கரத்தால் கவ்விக்கொண்டு பின்னாலிருந்து தள்ளுகிறது. சாதாரண எச்ஓ எஞ்சினுக்கு அந்த வசதி இல்லை.

ஆக, தூரமும் வேகமும் வீட்டுக்குள் பொய்யாகத்தான் வரும். பொய்யில்லாமல் வரக்கூடியது ஷண்டிங். யார்டில் எஞ்சின் மெதுவாகப் போகும், கொஞ்ச தூரமே போகும், நின்று நின்று போகும். மணிக்கு 15 கி.மீ. என்பது எச்ஓவில் நொடிக்கு 5 செ.மீ. கூட இல்லை. அந்த வேகத்தில் நாலரை அடிப் பலகையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக அரை நிமிடம் ஆகிறது. பெரிய பலகையில் ஆறு நொடியில் தீர்ந்துபோகும் இடம், சின்னப் பலகையில் அரை நிமிடம் நீடிக்கிறது. மெதுவாக ஓட்டினால் பலகை பெரிதாகிவிடும்.

இப்போது அந்த மூன்று லைனுக்கு வருகிறேன். ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் யோசித்த ஏற்பாடு இது, அவருடைய லேஅவுட்டின் பெயராலேயே இங்கிள்நூக் என்று சொல்வார்கள். ஒரு லைனில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. மூன்றும் வந்து சேரும் இடத்துக்கு வெளியே ஷண்டிங் நெக், அதாவது எஞ்சின் வேகன்களை இழுத்து வந்து நிற்கும் முட்டுப் பாதை. அதில் எஞ்சினும் மூன்று வேகனும் நிற்கத்தான் இடம், நாலாவதுக்கு இல்லை. மொத்தம் எட்டு வேகன். எட்டுக்கும் எண் எழுதிய சீட்டு வைத்துக் குலுக்கி, முதலில் வரும் ஐந்தையும் வந்த வரிசையிலேயே பெரிய லைனில் நிறுத்த வேண்டும். ஆட்டம் இவ்வளவுதான். எட்டிலிருந்து ஐந்தை வரிசையோடு எடுக்க 6,720 வழி உண்டு. தினம் ஒன்று போட்டாலும் பதினெட்டு வருஷம் ஓடும்.

சும்மா கேட்டால் குழந்தை விளையாட்டு மாதிரித் தெரியும், ஒரு தடவை சேர்ந்து போட்டுப் பார்க்கலாம். பெரிய லைனில் நெக் பக்கத்திலிருந்து 1, 2, 3, 4, 5 நிற்கின்றன, 5 உள்கோடியில். இரண்டாவது லைனில் அதேபோல் 6, 7, 8. மூன்றாவது காலி. சீட்டுப்படி பெரிய லைனின் உள்கோடியில் 4 நிற்க வேண்டும், இப்போது அங்கே இருப்பது 5. இடம் மாற்ற வேண்டியது அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வண்டியைத்தான்.

1, 2, 3-ஐ இழுத்துக் காலி லைனில் தள்ளுகிறோம். அதுவும் நிறைந்தது. திரும்பி வந்து 4-ஐ மட்டும் எடுக்கிறோம். அதை எங்கே வைப்பது? பெரிய லைனில் 5-க்கு முன்னால் வைத்தால் பழைய கதைதான், மற்ற இரண்டிலும் இடமில்லை. அதனால் 4-ஐ முன்னால் வைத்தபடியே இரண்டாவது லைனுக்குப் போய் 6-ஐக் கோத்து இழுக்கிறோம். 6-ஐப் பெரிய லைனில் 5-க்கு முன்னால் விடுகிறோம். இரண்டாவது லைனில் ஓர் இடம் கிடைத்துவிட்டது, 4 அங்கே போகிறது. இப்போது எஞ்சின் காலி. பெரிய லைனுக்குப் போய் 6, 5 இரண்டையும் இழுக்கிறது. அப்படியே இரண்டாவது லைனுக்கு வந்து 4-ஐக் கோக்கிறது. நெக்கில் எஞ்சின், 6, 5, 4. வால் பக்கம் 4. நெக்கில் இனி ஒரு சாண் இடமில்லை. பெரிய லைன் காலியாகக் கிடக்கிறது. உள்ளே தள்ளி 4-ஐ உள்கோடியில் விட்டுவிட்டு வருகிறோம்.

ஒரு வேகன் சேர்ந்தது, இன்னும் நாலு பாக்கி. மெதுவாக ஓட்டினால் இந்த ஒன்றுக்கே ஏழெட்டு நிமிடம் ஆகும். நெக்கின் நீளத்தில் மட்டும் தாராளம் காட்டாதீர்கள். இன்னும் ஒரு வேகனுக்கு இடம் விட்டால் ஆட்டத்தின் உயிரே போய்விடும்.

இதே குடும்பத்தில் டைம்சேவர் என்று இன்னொன்று உண்டு, கலிபோர்னியாவில் ஜான் ஆலன் உருவாக்கியது. எச்ஓவில் அவர் கட்டிய மலைப்பாதை லேஅவுட் இந்தப் பொழுதுபோக்கிலேயே பேர்போனது. 1973 ஜனவரியில் அவர் இறந்து சில நாளில் அது தீயில் போய்விட்டது. டைம்சேவரைக் கடிகாரம் வைத்து, போட்டியாக ஆடுவார்கள். என் கருத்தைக் கேட்டால் அது பரீட்சை மாதிரி. இங்கிள்நூக்கில் ஒரு நிஜ கூட்ஸ் ஷெட்டின் நிதானம் இருக்கிறது. நம் ஊர்ச் சின்ன ஸ்டேஷன்களில் ஒரு வேகன் சிமெண்ட், இரண்டு வேகன் உரம் என்று தனித்தனியாக வந்து இறங்கிய காலம் இருந்தது. எண்பதுகளுக்குப் பிறகு முழு ரேக்காகவே சரக்கு போகத் தொடங்கி, அந்த ஷண்டிங்கெல்லாம் குறைந்துவிட்டது. நீங்கள் கட்டப்போவது அந்தக் காலத்து ஸ்டேஷன் ஒன்றின் பின்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஒரு மாதம் எண் சீட்டிலேயே ஆடுங்கள். அப்புறம் எண்ணுக்குப் பதில் வேலை கொடுக்கலாம். அமெரிக்கர்கள் வேகனுக்கு ஒரு அட்டை, அதில் செருக ஒரு சரக்குச் சீட்டு என்று வைத்திருக்கிறார்கள். சீட்டில் நாலு பயணம் எழுதியிருக்கும், ஒவ்வொரு முறை ஆட்டம் முடிந்ததும் திருப்பிச் செருகினால் அந்த வேகனுக்கு அடுத்த வேலை வந்துவிடும். நான் பழைய விசிட்டிங் கார்டில் செய்து வைத்திருக்கிறேன். 'உரம், தூத்துக்குடியிலிருந்து', 'காலி, திருப்பி அனுப்ப' என்று எழுதிய பிறகு 4-ஆம் நம்பர் வேகன் வெறும் 4-ஆம் நம்பராக இருப்பதில்லை.

ஸ்கேல் பற்றி. கையில் எச்ஓ இருக்கிறது, அதிலேயே இருங்கள். 'என்' ஸ்கேல் 1:160, தண்டவாள இடைவெளி 9 மி.மீ. வீடுகள் சின்னதாக இருக்கும் ஜப்பானில் அதுதான் ராஜா. அவர்கள் 1:150 என்று கொஞ்சம் பெரிதாகவே செய்கிறார்கள். நீளமான ரயில் நிலப்பரப்பில் போவதைப் பார்க்க 'என்' ஸ்கேல் அருமையானது. ஆனால் ஷண்டிங்குக்கு அது படுத்தும். கையடக்க எஞ்சினுக்கு எடை கிடையாது, ஒரு தூசி பட்டால் நின்றுவிடும், வேகனைக் கோத்துக் கழற்ற நாற்பதைத் தாண்டிய கண்ணுக்குப் பூதக்கண்ணாடி வேண்டும்.

அகலப்பாதை அளவு சரியாக வரவில்லையே என்று சிலர் கவலைப்படுவார்கள். நியாயம்தான். நம் 1676 மி.மீ. எச்ஓவில் 19.3 மி.மீ. ஆக வேண்டும், கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளம் 1435 மி.மீ. பாதைக்கானது. இங்கே பெரும்பாலோர் 16.5-லேயே ஓட்டிவிட்டுக் கண்டுகொள்வதில்லை. ஆங்கிலேயர்களே அப்படித்தான் செய்கிறார்கள். அவர்களுடைய ஓஓ ஸ்கேலில் வண்டி 1:76, தண்டவாளம் மட்டும் எச்ஓவுடையது. அந்தக் காலத்து மோட்டார் அவர்களுடைய ஒல்லி எஞ்சினுக்குள் நுழையவில்லை, அதனால் உடம்பை மட்டும் பெரிதாக்கினார்கள். இத்தனை வருஷமாகியும் அப்படியே ஓட்டுகிறார்கள். நமக்கு இதில் ஒரு லாபம் உண்டு: ஓஓ நாலுசக்கர வேகனும் உங்கள் தண்டவாளத்தில் ஓடும். ஒரு வேகன் கப்ளருடன் (வண்டிகளைக் கோக்கும் கொக்கி) சேர்த்து 9 செ.மீ. பக்கம் வரும், அதை வைத்துத்தான் நாலரை அடி என்று சொன்னேன். நீளமான எட்டுச்சக்கர போகி வேகன் வாங்கினால் ஆறடிக்கு மேல் போய்விடும்.

பலகைக்கு 12 மி.மீ. மரைன் பிளைவுட், அடியில் ஓரம் சுற்றி ஒன்றரை இஞ்ச் ரீப்பர் சட்டம், நடுவில் இரண்டு குறுக்குச் சட்டம். இதில் காசைப் பார்த்து நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் லேஅவுட்டுக்கு மலிவான பிளைவுட் வாங்கி, வர்ணமும் அடிக்காமல், ஐப்பசி அடைமழையில் தண்டவாளத்தை இடைவெளியே விடாமல் ஒட்டி முடித்தேன். மழையில் ஈரம் குடித்து ஊதியிருந்த மரம் சித்திரையில் காய்ந்து சுருங்கியது. அதே வெயிலில் ரயில், அதாவது தண்டவாளத்தின் உலோகக் கம்பி, நீண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் நேர்பாதை பாம்பு மாதிரி நெளிந்து பலகையிலிருந்து கிளம்பி நிற்கிறது. தண்டவாளத்தின் மேல் பழி போட்டேன், குற்றவாளி மரம். அதனால் மேல், கீழ், நாலு விளிம்பு எல்லாவற்றிலும் பிரைமரும் ஒரு கோட் பெயிண்டும் அடியுங்கள். மேலே மட்டும் அடித்தால் ஈரம் ஒருபக்கமாக ஏறிப் பலகை வளையும். தண்டவாளக் கம்பிகள் சேரும் இடத்தில் ஒரு விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி விடுங்கள்.

பலகை தயாரானதும் தண்டவாளத்தை ஒட்டாமல் வெறுமனே பரப்பி, வேகன்களை நிஜமாகவே நிறுத்திப் பாருங்கள். பாயிண்ட் ஒன்று 18 முதல் 22 செ.மீ. வரை நீளும். பக்கத்து லைனில் உரசாமல் நிற்கும் இடம் எது என்று, அதாவது ஃபௌலிங் மார்க் எங்கே விழுகிறது என்று, பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். காகிதத்தில் வரையும்போது எல்லோரும் ஏமாறும் இடம் அதுதான். பாயிண்டுக்கு அப்புறம் எட்டு பத்து செ.மீ. எதற்கும் உதவாது.

பாயிண்ட் வாங்கும்போது ஒரு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பாயிண்டில் இரண்டு தண்டவாளக் கம்பிகள் குறுக்காகச் சந்திக்கும் முனையை ரயில்வேக்காரர்கள் கிராசிங் என்பார்கள், இந்தப் பொழுதுபோக்கில் ஃப்ராக், அதாவது தவளை. ஒரு கம்பி பிளஸ், மற்றது மைனஸ்; இரண்டும் அந்த முனையில் மோதுகின்றன. இதைத் தவிர்க்க மலிவான பாயிண்டில் அந்த முனையையே பிளாஸ்டிக்கில் செய்துவிடுகிறார்கள். எட்டுச் சக்கர எஞ்சின் ஜோராகத் தாண்டிவிடும். நாலு சக்கரத்தில் ஊர்ந்து வரும் ஷண்டிங் எஞ்சின் சரியாக அந்த இடத்தில் நின்றுகொள்ளும். விரலால் தள்ள வேண்டும். பத்து நிமிடத்தில் ஐந்து தடவை தள்ளினால் ஆட்டமே வெறுத்துவிடும். முனை உலோகமாக இருக்கும் பாயிண்ட் வாங்கி, பாயிண்ட் திரும்பும்போதே முனையின் மின்சாரமும் பிளஸ், மைனஸ் மாறும்படி ஒரு சின்ன மைக்ரோ சுவிட்சோ ஸ்லைடு சுவிட்சோ வைத்துவிடுங்கள். ஸ்லைடு சுவிட்ச் என்றால் அதே சுவிட்சால் ஒரு கம்பி வழியாகப் பாயிண்டையே தள்ளலாம், மோட்டார் செலவு மிச்சம். முனையிலிருந்து உள்ளே போகும் இரண்டு கம்பியையும் பிளாஸ்டிக் இணைப்பான் போட்டுத் துண்டிக்க மறந்தால் முதல் நாளே ஷார்ட்.

வயரிங்கில் ஒரே ஒரு விதி: தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் அந்தச் சின்னத் தகடுகளை மின்சாரத்துக்கு நம்பாதீர்கள். இன்றைக்குப் பாயும், அடுத்த மழைக்காலத்தில் கறுத்துப்போகும். பலகைக்கு அடியில் கோடிக்குக் கோடி இரண்டு கனமான வயர் இழுங்கள். வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மி.மீ. தாராளம், இந்தப் பலகைக்கு ஒன்றரையே போதும். ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் ஒரு மெல்லிய வயர் இறங்கி அதில் சேரட்டும். ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் கறுப்பு, கடைசிவரை மாற்றாதீர்கள். சால்டர் செய்யும்போது ரயிலின் வெளிப்பக்கம் வையுங்கள், இரண்டு பக்கமும் ஈரப் பஞ்சு வைத்தால் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் உருகாது. ஆசிட் ஃப்ளக்ஸ் வேண்டவே வேண்டாம்.

கண்ட்ரோலர் செட்டுடன் வந்ததே போதும். ஆனால் அவற்றில் பல, எஞ்சினை நின்ற இடத்திலிருந்து துள்ளவைக்கும். சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் 12 வோல்ட் அடாப்டரும், டிசி மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிடபிள்யூஎம் போர்டும், முன்னே பின்னே மாற்ற ஒரு டிபிடிடி சுவிட்சும் வாங்கி ஒரு டப்பாவில் பொருத்திக்கொள்ளலாம். மெதுவாக ஊர்வதில் பல விலையுயர்ந்த கண்ட்ரோலர்களை அது தோற்கடிக்கும். வழியில் ஒரு ஆம்பியர் ஃப்யூஸ் கட்டாயம். எச்ஓ எஞ்சின் சாதாரணமாக அரை ஆம்பியர் கூட இழுக்காது. எஞ்சினில் கோர்லெஸ் மோட்டார் (சுருளுக்குள் இரும்பு மையம் இல்லாத வகை) இருந்தால் மட்டும் இந்த போர்டு வேண்டாம், சூடாகிவிடும்.

டிசிசி பற்றிக் கேட்டீர்கள். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பை வைத்து, அமெரிக்க மாடல் ரயில் சங்கம் 90-களில் பொதுத் தரமாக்கிய முறை அது. தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும், ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் ஒரு டிகோடர், அதற்கு ஒரு எண், கட்டளை அந்த எண்ணுக்குப் போகும். இரண்டு எஞ்சினை ஒரே பாதையில் தனித்தனியாக ஓட்ட வேண்டுமென்றால் அதற்கு ஈடில்லை. உங்களிடம் இருப்பதோ ஒரு எஞ்சின், ஒரு நெக். இப்போது தேவையில்லை. மேலே சொன்னபடி வயர் இழுத்திருந்தால் நாளைக்கு டப்பாவைக் கழற்றிவிட்டு டிசிசியை மாட்டினால் போதும், ஒரு வயரையும் மாற்ற வேண்டியதில்லை.

எல்லாம் கம்பியாகத் தெரிகிறதே, அழகு எங்கே என்று தோன்றலாம். அமெரிக்காவில் எம்ஐடி மாணவர்கள் 1946-இல் ஒரு மாடல் ரயில் கிளப் தொடங்கினார்கள். அதில் மேலே மலையும் மரமும் செய்யும் கோஷ்டி ஒன்று, பலகைக்கு அடியில் படுத்துக்கொண்டு பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ரிலேக்களை வைத்து சிக்னல் வேலை செய்யும் கோஷ்டி ஒன்று. அடியில் படுத்திருந்தவர்களிடமிருந்துதான் 'ஹேக்கர்' என்ற பேச்சு கம்ப்யூட்டர் உலகத்துக்குப் போனது. நீங்கள் எந்தக் கோஷ்டி என்று கட்ட ஆரம்பித்தால்தான் தெரியும்.

வேகன் தடம் புரண்டுகொண்டே இருந்தால் தண்டவாளத்தைக் குடைவதற்கு முன் வேகனை எடை போடுங்கள். அமெரிக்கச் சங்கத்தின் பரிந்துரைப்படி எச்ஓ வண்டிக்கு 28 கிராம், அதோடு இஞ்சுக்கு 14 கிராம். நாலு இஞ்ச் வேகன் 85 கிராம் வர வேண்டும். கடையிலிருந்து வருவது பெரும்பாலும் அதில் பாதி. இழுக்கும்போது எப்படியோ வந்துவிடும், தள்ளும்போதுதான் வளைவில் தூக்கிக்கொள்ளும். ஷண்டிங்கில் பாதி வேலை தள்ளுவது. உள்ளே இரும்பு நட்டோ தூண்டில் ஈயமோ ஒட்டுங்கள். அப்படியும் புரண்டால், இரண்டு சக்கரத்துக்கும் உள்பக்க இடைவெளியை வெர்னியர் காலிப்பரால் அளந்து பாருங்கள், 14.5 மி.மீ.க்கு அருகில் இருக்க வேண்டும். சிரமம் கொடுக்கும் வேகனில் அநேகமாக ஒரு சக்கரம் நகர்ந்திருக்கும்.

கப்ளருக்குக் கேடீ கம்பெனியுடையது மாதிரி விரல் மடக்கிய வகை நல்லது. காந்தம் வைத்துத் தானாகக் கழற்றலாம் என்பார்கள். நான் கபாப் குச்சியின் முனையை நடுவில் விட்டு ஒரு திருகு திருகுவதோடு சரி. யார்டில் பாயிண்ட்ஸ்மேன் இறங்கிப்போய்க் கையால் கழற்றுவதைப் போலத்தான் அதுவும். பெரியவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம் ஒன்று: கோக்கப் போகும்போது கொஞ்சம் முன்னாலேயே ஒரு தடவை முழுசாக நின்றுவிட்டு, அப்புறம் மெல்லத் தொடுவது. "இடிச்சுச் சேக்கறவன் எவனும் உருப்படியா வேலை செஞ்சதில்ல" என்பார்.

ஒரு மாதம் வெறும் பலகையிலேயே ஓட்டித் தடம் புரள்வதெல்லாம் தீர்ந்த பிறகுதான் ஜல்லி. நிஜ ஜல்லி 65 மி.மீ. வரை இருக்கும், 87-ஆல் வகுத்தால் முக்கால் மில்லிமீட்டர். வீடு கட்டும் இடத்தில் ஒரு கைப்பிடி எம்-சாண்ட் வாங்கி, டீ வடிகட்டியில் சலித்து, கழுவிக் காயவைத்தால் நம் ஊர்க் கருங்கல் நிறமே கிடைக்கும். காய்ந்ததும் ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி அதற்குள் துழாவுங்கள். கிரஷரின் இரும்புத் தூள் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும். அது எஞ்சின் மோட்டாருக்குள் போனால் தீர்ந்தது. மென்மையான பிரஷ்ஷால் ஸ்லீப்பருக்கு நடுவில் பரப்பி, பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு சொட்டு விட்ட தண்ணீரைப் பனிமாதிரித் தெளித்து, சரிபாதி தண்ணீர் கலந்த ஃபெவிகாலை இங்க் ஃபில்லரால் சொட்டு சொட்டாக விடுங்கள். லிக்விட் சேர்க்காவிட்டால் பசை உருண்டையாக நின்று ஜல்லியைத் தூக்கிக்கொண்டு ஓடும். பாயிண்டின் நகரும் நாக்குப் பகுதியில் முதலிலேயே ஒரு துளி எண்ணெய் வைத்துவிடுங்கள், பசை பிடிக்காது. காயும்வரை கரண்ட் கூடாது. காய்ந்ததும் தண்டவாளத்தின் மேற்பரப்பை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும்.

பலகையின் முன்விளிம்பில் இரண்டு செ.மீ. உயரத்துக்கு ஒரு அக்ரிலிக் பட்டி திருகிவிடுங்கள். என் எஞ்சின் ஒன்று மொசைக் தரையில் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பெரிய லேஅவுட் கனவையும் கைவிட வேண்டாம். நெக்கின் கடைசியில் பஃபர் ஸ்டாப்பை (பாதை முடியும் இடத்துத் தடுப்பு) ஒட்டாமல் ஒரு திருகில் நிறுத்துங்கள். அந்தப் பக்கச் சட்டத்தில் இப்போதே இரண்டு போல்ட் ஓட்டை போட்டு, அடியில் போகும் இரண்டு வயரையும் கால் மீட்டர் நீளம் விட்டுச் சுருட்டிக் கட்டிவையுங்கள். பஃபர் ஸ்டாப்பைக் கழற்றி அடுத்த பலகையை போல்ட் போடும் நாளில் இது அந்தப் பாதையின் ஓரத்து கூட்ஸ் யார்டு ஆகிவிடும். பெரிய வளைவு எந்தச் சுவரை ஒட்டிப் போகலாம் என்று அப்போது சொல்கிறேன், அறையின் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று மட்டும் பார்த்து வையுங்கள்.